தொடக்க ஆண்டு 1836: வரலாற்று வியூக விளையாட்டுகளில் தொழிற்புரட்சி



இந்தச் சொற்பொழிவுக்குத் தலைப்பு அனுப்பிய மறுநாள் துறையிலிருந்து ஒரு தொலைபேசி. “ஐயா, தலைப்பில் ஏதோ தட்டச்சுப் பிழை விழுந்திருக்கிறது போல” என்றார்கள், ரொம்ப மரியாதையாக. பிழை இல்லை, கணினி விளையாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். “சரிங்கையா, மாணவர்கள் நிறைய வருவார்கள்” என்று முடித்துக்கொண்டார்கள். வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் என் பழைய சகாக்கள். நான் சொல்லப்போகும் வரலாறு அவர்களுக்குத் தெரியும். பின்வரிசையில் பிள்ளைகள், நான் சொல்லப்போகும் விளையாட்டு அவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பாதிப் பாதி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் மஸ்டர் ரோல் எழுதும் கிளார்க். நான் பொருளாதார வரலாறு படித்து, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்துப் பதிவேடுகளைப் புரட்டியே பாதி ஆயுளைக் கழித்தேன். ஆக, பரம்பரையாக எங்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: கணக்கைப் படிப்பது. எந்த எண் எங்கிருந்து வந்தது, எந்தப் பத்தியில் விழுந்தது, எது எழுதப்படாமல் போனது என்று பார்ப்பது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கோடை விடுமுறையில் தங்கை பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். மடிக்கணினியில் ‘விக்டோரியா 3’ என்ற வியூக விளையாட்டு. கிழக்கிந்தியக் கம்பெனியாக விளையாடிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது என்பதை மறைக்கவில்லை. “தாத்தா, இதுல மெட்ராஸ் இருக்கு பாருங்க” என்று காட்டினான். அங்கே ஒரு ஆலை கட்டியிருந்தான். பிறகு, “கேம்ல பக் இருக்கு தாத்தா. ஆளைக் குறைச்சு மிஷின் போட்டா லாபம் ஏறணும்ல? இறங்குது” என்றான்.

இன்றைய பேச்சு முழுவதும் அவனுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில்தான்.

அதற்கு முன், இந்த வகை விளையாட்டுகளின் பூர்வீகம் பற்றிக் கொஞ்சம். 1990இல் அமெரிக்காவின் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் ‘ரெயில்ரோட் டைக்கூன்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் சித் மையர். மறு ஆண்டே அவரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து ‘சிவிலைசேஷன்’ கொண்டுவந்தார்கள். ஷெல்லி அதற்கு முன் ‘1830’ என்ற பலகை விளையாட்டில் வேலை பார்த்தவர். அந்த விளையாட்டுக்கு மூலம் பிரான்சிஸ் டிரெஷாம் என்ற ஆங்கிலேயர் 1974இல் உருவாக்கிய ‘1829’. ரயில் கம்பெனிப் பங்குகளை வாங்கி விற்று, தண்டவாளம் போட்டு, போட்டியாளரைக் கவிழ்க்கும் ஆட்டம் அது. கிமு 4000இலிருந்து மனிதகுலத்தின் கதையைச் சொல்ல வந்த விளையாட்டுக்கு ரயில் பங்குச் சந்தைதான் தாய்வீடு என்றால் தப்பில்லை.

‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் எல்லா நாகரிகங்களும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கும். கண்டுபிடிப்புகள் ஒரு மரம் மாதிரி கிளைவிட்டிருக்கும். நீராவி எஞ்சின், ரயில், தொழில்மயம் எல்லாம் அதில் காய்த்துத் தொங்கும் பெயர்கள். போதிய அறிவுப் புள்ளி சேர்ந்தால் பறித்துக்கொள்ளலாம். முதல் பதிப்பில் ரயில் பாதை போட்ட கட்டத்தில் படை நகரச் செலவே கிடையாது, விளைச்சலும் ஏறும். பாதகம் ஒன்றும் இல்லையென்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஆட்டத்தின் கடைசியில் வயல், மலை, காடு என்று பாராமல் வரைபடம் முழுக்கத் தண்டவாளம் கொசுவலை மாதிரிப் படர்ந்திருக்கும். நிலம் யாருடையது, பங்குப் பணம் யார் போட்டது, 1840களில் பிரிட்டனில் ரயில் பைத்தியம் பிடித்து எத்தனை குடும்பம் முழுகிப்போனது, ஒன்றும் கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்துக்காக அந்த 1991ஆம் ஆண்டு விளையாட்டுக்கு நான் தலைவணங்குவேன். அதில் ஆலை கட்டினால் ஊரைச் சுற்றி மாசு படியும். குடியேறிகள் என்ற ஆட்களை அனுப்பித் துடைக்க வேண்டும். விட்டுவிட்டால் பூமி சூடேறி, விளைநிலம் பாலையாகும், கரையோரம் சதுப்பாகும். நம் பாடப்புத்தகங்கள் தொழிற்புரட்சி என்ற அத்தியாயத்தில் இதை எப்போது சேர்த்தன என்று யோசித்துப் பாருங்கள். 2019இல் வந்த ஆறாம் பதிப்பின் விரிவாக்கத்தில் நிலக்கரி எரிக்க எரிக்கக் கடல் மட்டம் ஏறிக் கரையோரக் கட்டங்கள் மூழ்குகின்றன. அந்த விதை முதல் பதிப்பிலேயே இருந்தது.

விளையாட்டு என்பது சுவையான முடிவுகளின் தொடர் என்பது சித் மையர் சொன்னதாகப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் கருத்து. விளையாட்டுக்கு அது சரியான இலக்கணம்தான். தொழிற்புரட்சியை அந்த இலக்கணத்துக்குள் கொண்டுவரும்போதுதான் சிக்கல். லங்காஷயர் கைத்தறி நெசவாளிக்கு 1830இல் என்ன சுவையான முடிவு இருந்தது? கூலி குறைகிறது, கூடுதல் நேரம் நெய்கிறான், கூலி இன்னும் குறைகிறது. அவனை ஆட்டக்காரனாக வைத்தால் அது விளையாட்டே இல்லை. அதனால்தான் ஆட்டக்காரர் எப்போதும் அரசராகவோ, அரசாங்கமாகவோ, முதலாளியாகவோ உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’. ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வெளியீடு. 1444 முதல் 1821 வரை காலம். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விளையாட்டு இது, ஏனென்றால் இதில் சோழமண்டலக் கரைக்கென்று ஒரு வணிக மையமே இருக்கிறது. உலக வணிகம் முழுவதும் அம்புக்குறிகளாக வரையப்பட்டிருக்கும். அந்த அம்புகளின் திசையை யாராலும் மாற்ற முடியாது. எந்த அரசாக ஆடினாலும், எத்தனை கப்பல் கட்டினாலும், மதிப்பு ஐரோப்பா நோக்கியே ஓடும். கடைசியில் போய்ச் சேரும் இடங்கள் மூன்று: ஆங்கிலக் கால்வாய், ஜெனோவா, வெனிஸ்.

கம்பெனிப் பதிவேடு படித்தவனுக்கு இந்த அம்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். சரக்கு மேற்கே போனது உண்மை. ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அந்தச் சரக்குக்கு விலையாக வெள்ளிக் கட்டிகள் கிழக்கே வந்தன. இங்கிலாந்தின் கம்பளியை வெயில் காயும் இந்தக் கரையில் யார் வாங்குவார்? வெள்ளி கொடுத்துத்தான் துணி வாங்க முடிந்தது; அதனாலேயே நாட்டின் வெள்ளியைக் கரைக்கிறது என்று கம்பெனி மீது லண்டனில் வசை. விளையாட்டின் கணக்கில் போகும் பத்தி மட்டும் இருக்கிறது, வரும் பத்தி இல்லை. ஒற்றைப் பத்திக் கணக்கு.

இதே விளையாட்டில் 2016 வரை இன்னொரு விதியும் இருந்தது. உலக நாடுகளைக் குழுக்களாகப் பிரித்து, மேற்கத்தியக் குழுவுக்குப் புது நுட்பம் மலிவு, இந்தியக் குழுவுக்கு விலை அதிகம் என்று வைத்திருந்தார்கள். தப்பிக்க ஒரே வழி, மேற்கத்திய நாட்டோடு எல்லை ஏற்படுத்திக்கொண்டு ‘மேற்கத்தியமாவது’. 2016இல் அதை எடுத்துவிட்டு, அச்சு, உலக வணிகம் போன்ற ‘நிறுவனங்கள்’ ஓரிடத்தில் பிறந்து மெல்லப் பரவுவதாக மாற்றினார்கள். மேற்கு ஏன் முந்தியது என்று வரலாற்றெழுத்தில் பல்லாண்டு நடந்த சண்டை, இங்கே ஒரு மென்பொருள் அப்டேட்டில் முடிந்துபோனது.

இப்போது பேரனின் கேள்விக்கு வருகிறேன்.

‘விக்டோரியா’ வரிசையின் முதல் விளையாட்டு 2003இல் வந்தது, இரண்டாவது 2010இல், மூன்றாவது 2022 அக்டோபரில். பின்னிரண்டும் 1836 ஜனவரி 1இல் தொடங்கி 1936இல் முடியும். இவற்றில் நாடு என்பது மக்கள்தொகை. தொழில், இனம், மதம் வாரியாகப் பிரித்த கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருமானம் உண்டு, தேவை உண்டு, அரசியல் உண்டு. சரக்குக்கு ஓர் அடிப்படை விலை. தட்டுப்பாடு வந்தால் 75 சதவீதம் வரை ஏறும், மிகுந்தால் அதே அளவு இறங்கும். இரும்புச் சுரங்கத்துக்குப் பம்பு வைத்தால் நிலக்கரியும் கருவிகளும் கேட்கும். கருவிப் பட்டறை இரும்பு கேட்கும். ஒன்றின் வாயில் ஒன்றின் வால். இந்தச் சங்கிலியில் எங்கே அடைப்பு என்று தேடித் திரிவதிலேயே இரவு போய்விடும், எனக்குப் போயிருக்கிறது.

சுரங்கத்தில் முதலில் குந்தாலியும் மண்வெட்டியும். அடுத்து வளிமண்டல எஞ்சின் பம்பு. அதற்கடுத்து ஆவியைத் தனிக் கலத்தில் குளிரவைக்கும் எஞ்சின். யாரோ நன்றாகப் படித்துவிட்டுத்தான் இந்த வரிசையை வைத்திருக்கிறார்கள். நியூகாமனின் முதல் எஞ்சின் 1712இல் டட்லிக்குப் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரை இறைக்கத்தான் நின்றது. அது நிலக்கரியைக் கொள்ளையாகத் தின்னும். சுரங்க வாசலிலேயே விற்க முடியாத தூள்கரி குவிந்து கிடந்ததால் கட்டுப்படியானது. கார்ன்வாலில் தகரமும் செம்பும் உண்டு, நிலக்கரி இல்லை. கப்பலில் வர வேண்டும். எரிபொருளைப் பாதிக்கும் கீழே குறைத்த வாட்டின் எஞ்சினை அங்கேதான் ஆவலாக வாங்கினார்கள். வாட்டும் அவர் பங்காளி போல்டனும் கேட்ட உரிமத் தொகை, பழைய எஞ்சினோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது அவர்கள் விற்றது விலை வித்தியாசத்தை.

பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் 2009இல் எழுதிய நூலின் வாதம் இந்த இடத்திலிருந்து எழுவதுதான். பிரிட்டனில் கூலி அதிகம், நிலக்கரி மலிவு. ஆகவே ஆளைக் குறைத்து நிலக்கரியைத் தின்னும் பொறி அங்கே லாபம். கூலி குறைந்த நாட்டில் அதே பொறி நஷ்டம். அறிவுக் குறைவு காரணமில்லை, கணக்கு ஒத்துவரவில்லை. பேரன் மெட்ராஸில் கொதிகலன் வைத்தான். கூலியாட்கள் குறைந்தார்கள், நிலக்கரிச் செலவு ஏறியது. மிச்சமான கூலியோ சொற்பம். லாபம் இறங்கிவிட்டது. அவன் பக் என்று நினைத்தது ஆலனின் நூலை ஒரு விதியாக எழுதி வைத்தது. இருநூறு பக்கம் படித்துப் புரிவதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கைப்பணம் போனதால் பத்து நிமிடத்தில் உணர்கிறான். வகுப்பறையில் இதை நான் ஒருநாளும் சாதித்ததில்லை.

ஆனால் அடுத்த கேள்வியை விளையாட்டு கேட்க விடாது. மெட்ராஸில் கூலி ஏன் குறைவு? 1836இல் ஆட்டம் திறக்கும்போதே குறைவாக இருக்கிறது. அவ்வளவுதான். அது கொடுக்கப்பட்ட எண்.

வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதியின் ஆய்வுகள் நேரே இந்த எண்ணைத்தான் பிடித்து உலுக்குகின்றன. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்திய நெசவாளரின் வாழ்க்கைத்தரம் பிரிட்டிஷ் நெசவாளருடையதோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது என்பது அவர் வாதம். அரிசி மலிவு, கையில் வித்தை. வணிகரிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெசவாளர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடிந்தது. கம்பெனி ஆட்சிக்கு வந்த பிறகு அந்தப் பேரம் பேசும் பலம் முறிக்கப்பட்டது. அந்தப் பக்கம் இங்கிலாந்தில், இந்தியத் துணி வந்து குவிவதைத் தாங்க முடியாமல் 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இரண்டாவது சட்டம் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்துவதையே தடைசெய்தது. அந்த மறைப்புக்குள்தான் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி, ஆர்க்ரைட்டின் நீர்விசைச் சட்டகம், 1779இல் கிராம்டனின் மியூல் என்ற நூற்புப் பொறிகள் எல்லாம் வளர்ந்தன. நம் கரையின் மெல்லிய நூலுக்கு ஈடான நூலைப் பொறியில் நூற்பது மியூல் வந்த பிறகே அங்கே கைகூடியது.

இந்த நாடகம் முழுவதும் 1836க்கு முன்பே முடிந்துவிடுகிறது. ‘யூரோப்பா’ அந்தக் காலத்தைத் தொடுகிறது, ஆனால் அங்கே அம்பு ஒரே திசை. ‘விக்டோரியா’வில் திசை திரும்பும், ஆனால் அங்கே காலம் பிந்திவிட்டது. ‘சிவிலைசேஷ’னில் எல்லாரும் சமம், ஆகவே கேள்வியே எழாது. மூன்றுக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டு தொலைந்து கிடக்கிறது, பருத்தியின் நூற்றாண்டு. தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுப்பது தொழில்நுட்ப வேலை என்று நினைப்போம். ஒரு வழக்கில் எந்தத் தேதியிலிருந்து சாட்சி எடுப்பது என்று நீதிபதி முடிவு செய்வதற்கு ஒப்பான வேலை அது.

இன்னொரு எண்ணையும் பார்த்துவிடுவோம், எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துகிறது. ‘விக்டோரியா 3’இல் மக்கள்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் உழைப்பவர்கள். மீதி எல்லாரும் ‘சார்ந்திருப்பவர்கள்’, அதாவது பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இந்தச் சார்ந்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் வருமானம் உண்டு. குழந்தை உழைப்பை அனுமதித்தால் அந்த வருமானம் கூடும்; சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினால் குறையும். சரி, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கணக்கில் தேடினேன். எந்த ஆலையின் செலவுப் பத்தியிலும் அது இல்லை. எந்த ஆலையின் உற்பத்தியிலும் அந்தக் கைகள் இல்லை. பணம் காற்றில் வருகிறது. குழந்தைகள் சம்பாதிக்கிறார்கள், ஆனால் வேலை செய்வதில்லை!

நிஜத்தில் முதல் பஞ்சாலைகளை ஓட்டியதே அந்தக் கைகள்தாம். செஷயரில் சாமுவேல் கிரெக் 1784இல் நிறுவிய குவாரி பேங்க் ஆலையில் ஆதரவற்ற பிள்ளைகளைக் கொண்டுவந்து தங்கவைத்து வேலை வாங்கினார்கள். 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களைத் துணி ஆலையில் வைக்கக் கூடாது என்றது. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அத்தனையையும் மேற்பார்க்க நான்கே நான்கு இன்ஸ்பெக்டர்கள். விளையாட்டு தொடங்குவதற்கு மூன்றே ஆண்டு முன்பு. ஆலனின் உயர்கூலி வாதத்தை ஜேன் ஹம்ஃப்ரீஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் எதிர்ப்பதும் இந்த இடத்தில்தான்: ஆண்களின் கூலியை வைத்துக்கொண்டு உயர்ந்த கூலி என்கிறீர்கள், நூற்றவர்கள் பெண்களும் பிள்ளைகளுமாயிற்றே, அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று. விளையாட்டு ஆலனை வாங்கியபோது அவருடைய ஓட்டையையும் சேர்த்தே வாங்கிவிட்டது.

இதிலும் மோசம் பார்க்க வேண்டுமானால் 2019இல் வந்த ‘அன்னோ 1800’. பார்க்க அத்தனை அழகு. செங்கல் புகைபோக்கியும் பாய்க்கப்பலும் ஓவியம் மாதிரி. பழைய உலகத்தில் விவசாயி தொழிலாளியாகி, கைவினைஞராகி, பொறியாளராகி, முதலீட்டாளர் வரை ஐந்து படி ஏறுவார். பருத்தி விளையும் புதிய உலகத்தில் ஆரம்பத்தில் இரண்டே படி. 2022இல்தான் மூன்றாவதாகக் கலைஞர்களைச் சேர்த்தார்கள். அடிமைமுறை என்பது அந்தப் பருத்தித் தோட்டங்களில் அறவே இல்லை. 19ஆம் நூற்றாண்டுப் பருத்தி, அடிமை இல்லாமல்! ‘விக்டோரியா 3’ இந்த விஷயத்தில் நேர்மையானது. அடிமைமுறை அங்கே சட்டமாக இருக்கிறது, ஒழிக்கப் போனால் நிலக்கிழார்கள் கலகம் செய்வார்கள்.

புதியதெல்லாம் பழையதைவிட மேல் என்று பின்வரிசைப் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. 2010ஆம் ஆண்டின் ‘விக்டோரியா 2’இல் இருந்த இரண்டு விஷயங்கள் மூன்றாவதில் காணாமல் போயின. ஒன்று, வேலை நேரம். அதில் பதினாலு மணி, பன்னிரண்டு, பத்து, எட்டு என்று படிப்படியாகக் குறைக்கும் சீர்திருத்தம் இருந்தது. புதியதில் தொழிலாளர் உரிமை என்று பொதுவாக ஒரு சட்டம் உண்டு, ஆனால் நேரம் என்ற எண் இல்லை. ஆலைச் சங்கு ஊதினால் கோவையில் பாதி ஊருக்கு அதுதான் கடிகாரம். சங்குச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு, நேரம் இல்லாத ஆலை ஆலையாகவே தோன்றவில்லை. 1918 ஏப்ரல் 27இல் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது தொழிலாளர் சொன்ன முக்கியமான குறைகளில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. விளையாட்டின் நூறாண்டுக்குள், விளையாட்டின் வரைபடத்துக்குள் நடந்த விஷயம்தான். ஆனால் சாப்பாட்டு இடைவேளையைக் குறிக்க அதில் இடமில்லை.

இன்னொன்று, கைவினைஞர். ‘விக்டோரியா 2’இல் ஆலையிலும் இல்லாமல் வயலிலும் இல்லாமல், தானே கச்சாப்பொருள் வாங்கித் தானே செய்து விற்கும் ஒரு கூட்டம் தனியாக இருந்தது. பருத்தி விலை ஏறினால் தவிக்கும், துணி விலை இறங்கினால் வேறு சரக்குக்குத் தாவும். நம் நெசவாளிக்கு இதுவரை எந்த விளையாட்டிலும் இதைவிட நெருக்கமான உருவம் கிடைத்ததில்லை. புதியதில் அந்தப் பெயரே இல்லை. ஒரு பகுதி பட்டறைக் கடைக்காரர்களோடு கலந்தது. மீதி, தன் வயிற்றுக்கு மட்டும் உழுது, ஓய்ந்த நேரத்தில் கொஞ்சம் துணியும் நாற்காலியும் செய்யும் குடியானவர் என்ற பெருங்கூட்டத்தில் கரைந்துவிட்டது. நெசவாளி குடியானவர் ஆனது எப்படி என்று காட்டியது பழைய விளையாட்டு. ஆரம்பத்திலேயே குடியானவராக இருந்தார் என்கிறது புதியது.

அதனால் போன மாதம் பழைய விளையாட்டை மறுபடி நிறுவச் சொன்னேன். பேரன் முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தான். படம் நன்றாக இல்லையாம். கம்பெனி, கிம்பெனி ஒன்றும் வேண்டாம் என்று பிரிட்டனை எடுத்துக்கொண்டு, லங்காஷயரில் துணி ஆலையாகக் கட்டிக்கொண்டே போனேன். அடிக்கடி ஆட்டத்தை நிறுத்திவிட்டு மெட்ராஸ் மக்கள்தொகைப் பட்டியலைத் திறந்து, கைவினைஞர் எண்ணிக்கையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அப்பாவின் பழக்கம். ஓர் ஆலை நட்டத்தில் மூடினால் திரையின் மேலே எச்சரிக்கைப் படம் ஒன்று மின்னுகிறது. படை பசியோடு இருந்தால் ஒன்று. கைவினைஞர் எண்ணிக்கை மாதா மாதம் இறங்கியதற்கு ஒன்றும் மின்னவில்லை. அந்தப் பட்டியலை நாமாகத் திறந்தால்தான் தெரியும்.

நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். மடிக்கணினியும் இருக்கிறது, தேநீருக்குப் பிறகு, கரண்ட் நின்றுவிடாமல் இருந்தால், பக்கத்து அறையில் பேரன் ஆட்டத்தைத் திறந்து வைப்பான். முன்வரிசை நண்பர்கள் தயங்காமல் வரலாம். இடதுபக்கப் பொத்தான் மட்டும் தெரிந்தால் போதும்.